மச்சான் எண்ணெய் தடவிய டயர்

அப்பாவுக்கு அக்காவை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஈப்போவிலிருந்து புறப்பட்டுப் பினாங்கில் கப்பலேறினேன். ஒரு படகைப் பின்னால் கட்டிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறுவேன் என்று எவனாவது குறி சொல்லியிருந்தால், கொடுத்த காசைத் திரும்பப் பிடுங்கியிருப்பேன். கடலைத் தாண்டி வந்தவனுக்கு மலையிலே படகு. தலையெழுத்தைப் பாருங்கள்.

அக்கா பேர் பார்வதி. யுத்தம் முடிந்த மறு வருஷம், பழனியிலிருந்த எங்கள் அத்தை மகன் சண்முகத்துக்குக் கட்டிக்கொடுத்து அப்பா அவளைக் கப்பலேற்றிவிட்டார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பதினைந்து வருஷம் கழித்து, வாசலில் நின்றவளைப் பார்த்ததும் இவள் அக்காவா, வேறு யாராவதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டேன். "என்னடா அப்பிடிப் பாக்குற? கெழவியாயிட்டேனா?" என்று சிரித்தாள். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. அப்புறம் இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம்.

அன்றைக்கு மொச்சைக் குழம்பும் கெட்டித் தயிரும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் மலை வாழைப்பழம் ஒரு சீப்பைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊர் வாழைப்பழம் பார்க்கத்தான் பெரிசு, வாயில் போட்டால் வெறும் மாவு. இது விரல் நீளம்கூட இல்லை, தோலை உரித்ததும் வீடே மணத்தது. ஒன்பது தின்றேன். அக்கா எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மச்சான் காவடி செய்கிற தச்சர். பேச்சு என்றால் அவருக்குக் கசப்பு மருந்து. நான் வந்த காரியத்தை அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

"கால் ரெண்டும் வீங்கிப்போச்சு மச்சான். அப்பாவுக்கு ராத்திரி பகல் அக்கா நெனப்புதான். வர்ற வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்துல கப்பல் இருக்கு. அதை விட்டா அடுத்த கப்பலுக்கு ரெண்டு வாரம் காத்துக் கெடக்கணும். அதுவரைக்கும் அவரு..."

 மச்சான் உளியைத் துடைத்து வைத்தார்.

"படகு ஏரியில எறங்கட்டும் மாப்ள. பெறகு பேசுவோம்."

அவ்வளவுதான். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படகு கொல்லையில் இருந்தது. கொடைக்கானலில் பங்களா வைத்திருக்கும் ஒருவர் பழனிக்கு வந்தபோது மச்சான் செய்த மயில் காவடியைப் பார்த்து மயங்கி, இதே மயிலை முகப்பில் வைத்து எனக்கு ஒரு படகு செய்து தர முடியுமா என்று கேட்டாராம். மச்சான் பிறந்ததிலிருந்து படகில் கால் வைத்தவரில்லை. கேட்டவுடன் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவிடம், "ஏ புள்ள, படகுன்னா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

அக்காவுக்கா தெரியாது? ஈப்போவில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஈயம் தோண்டி விட்டுப்போன பெரிய குட்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பா அதில் சம்பான் படகு விட்டு மீன் பிடிப்பார். துடுப்புப் போடுவது அக்கா, நடுவில் உட்கார்ந்து தண்ணீரைத் தொட்டு ஏச்சு வாங்குவது நான். அவள் கொல்லையில் கோலமாவால் படகின் அடிவயிற்றையும் விலாவையும் வரைந்து காட்ட, மச்சான் அதன்மேல் மரத்தை அடுக்கியிருக்கிறார். எட்டு மாத வேலை. உனக்குக் கூலி என்ன வேண்டும் என்று மச்சான் அக்காவைக் கேட்டதற்கு, "ஏரியில மொதல்ல நாந்தான் உக்காரணும்" என்றாளாம். மச்சானும் வாக்குக் கொடுத்திருந்தார்.

எண்ணெய் விட்டுத் தேய்த்த தேக்கு, வெயிலில் தேன் மாதிரி இருந்தது. மயில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தது. அழகு, அழகு. ஆனால் என் கண் படகின் மேல் நிற்கவில்லை. பதினாலு வயசிலிருந்து டயர் கடையில் வேலை பார்க்கிறவன் நான். கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் தேர்ச் சக்கரத்தைத்தான் பார்ப்பேன்.

படகு ஒரு பட்டாளத்து டிரெய்லரின் மேல் உட்கார்ந்திருந்தது. யுத்தத்தில் ஓடியது, ஏலத்தில் எடுத்ததாம். டயர் இரண்டும் புதுசு போலக் கன்னங்கரேலென்று மின்னின. ஆளுக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். குனிந்து பக்கவாட்டில் கட்டை விரலால் அழுத்தினேன். விரல் அமுங்கியது. எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் சோம்பலாகத்தான் எழுந்தது. மோந்து பார்த்தேன்.

"லாரி செட்டுல கழிச்சுப் போடுற ஆயில் மாப்ள," என்றார் மச்சான். வந்ததிலிருந்து அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். "வாரா வாரம் செவ்வாக்கெழம தடவிருவேன். எண்ணெ காட்டுனா மரம் வெடிக்காதுல்ல? ரப்பரும் மரத்துப் பாலுதான?"

ரப்பருக்கு எண்ணெயைப் போல ஒரு சத்துரு கிடையாது. எட்டு மாதம் எண்ணெயைக் குடித்துக் குடித்து அந்த டயர்கள் உள்ளுக்குள் ஊறிப் புளித்திருந்தன. போதாததற்கு ஒன்று ஜீப் டயர், இன்னொன்று ஏதோ காரின் டயர், அரை அங்குலம் குட்டை. சமதரையில் மெல்ல ஓட்டினால் தாக்குப்பிடிக்கும். மலைக்கு ஆகாது. எனக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரன், பதினைந்து வருஷம் கழித்து முதல் தடவையாக வந்தவன், வந்த அன்றைக்கே மச்சான் வேலையில் நொட்டை சொல்லலாமா? எங்கள் பக்கத்தில் அது முறையில்லை. இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் வேறு. டயர் கெட்டது என்றால் மாற்று டயர் தேட வேண்டும், அதற்கு இரண்டு நாளோ நாலு நாளோ ஆகும், கப்பல் போய்விடும். படகு எப்படியாவது ஏரியில் விழுந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"டயர் எப்பிடி மாப்ள, தாங்குமா?" என்று அவரே கேட்டார்.

"தாங்கும் மச்சான்," என்றேன்.

மறுநாள் வெள்ளனே ஜீப் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் குழந்தைவேலு, கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறைக்காரர். ஊரிலிருந்து குதிரை மேல் வருகிற பூண்டைக் கொடைக்கானலில் ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்குவது அவர் சோலி. திரும்பிப் போகிற ஜீப்பில் படகை இழுத்துப் போவதாக ஏற்பாடு. அவர் பக்கத்தில் போனால் பூண்டு வாசம். ஜீப்பில், இருக்கையில், அவர் கொடுத்த வெற்றிலையில்கூடப் பூண்டு.

மச்சான் டயருக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தினார். ஜீப் நகர்ந்தது, பழம் இரண்டும் நசுங்கின. அப்புறம் எல்லோரும் ஜீப்பில் ஏறப் போனால், மச்சான் மட்டும் படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, முன்னால வாங்க, எடம் கெடக்கு," என்றார் குழந்தைவேலு.

"நீ ஓட்டு தம்பி. மயிலு கழுத்து ஆடுதான்னு நான் பாத்துக்கிட்டு வாரேன்."

என் பார்வை டயருக்குப் போனது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் காப்பிக்கு நிறுத்தினோம். தக்காளியும் முருங்கையும் மலை மலையாகக் கிடந்தன. ஒரு தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டே எங்கள் படகைப் பார்த்து, "ஏலே, பழனியாண்டவரு கடலுக்குப் பொறப்பட்டுட்டாருடோய்!" என்று கத்த, சந்தையே சிரித்தது. படகுக்குள் இருந்த மச்சான் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டார். மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் டயரைத் தொட்டுப் பார்த்தேன். இடது டயர் வெதுவெதுப்பு. வலதில் கை வைக்க முடியவில்லை. எப்போதும் நிறுத்துகிற இடத்திலெல்லாம் டயரையும் சக்கரத்தின் குடத்தையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான், வேறு வித்தை ஒன்றுமில்லை. காற்றடிக்கும் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கொதிக்கிதுங்களே, கொஞ்சம் காத்த எறக்கி விடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று பதறித் தடுத்தேன். சூட்டில் ஏறிய காற்றை இறக்கினால் டயர் இன்னும் தொய்ந்து இன்னும் சூடாகும். காற்றைக் காலையில் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இவ்வளவு தெரிந்த மேதாவி நான். "கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணே" என்று மட்டும் குழந்தைவேலுவிடம் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

மலை ஏற ஏற எனக்கு ஏதோ ஆகிவிட்டது. வெயில் நூலாக மெலிந்து, காற்றில் ஈர மண் வாசம் வந்தது. ஒரு திருப்பத்தில் பார்த்தால் கீழே நாங்கள் விட்டுவந்த சமவெளி தண்ணீர் போலத் தெரிந்தது. குளங்கள் அதில் சில்லறை மாதிரி மின்னின. அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, "அந்தக் குட்டையில இன்னும் ஆம்பல் பூக்குதாடா?" என்று கேட்டாள். பூக்கிறது என்றேன். "அப்பா இன்னும் சுருட்டுப் பிடிக்கிறாரா?" இல்லை என்றேன். பின்னால் திரும்பினால் மூடுபனிக்குள் ஒரு மயில் வந்துகொண்டிருந்தது. அதன் கழுத்துக்குப் பின்னால் மச்சான், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஆகாயத்தில் படகு விடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு சுகம். டயரை மறந்துவிட்டேன்.

அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்த இடத்தில் அது வெடித்தது.

வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம், ஜீப் பின்னாலிருந்து இழுபட்டது, அக்கா வீலென்று கத்தினாள். டிரெய்லர் வலப் பக்கம், பள்ளத்துப் பக்கம், சரிந்து கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. சுவர் மட்டும் இல்லையென்றால்... ஓடிப் போய்ப் பார்த்தால் மச்சான் படகின் அடிப்பலகையில் கிடந்தார். நெற்றியில் ரத்தம். அக்கா அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பாருங்க, என்னயப் பாருங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "மயிலு?"

"மயிலு நாசமாப் போகட்டும்!" என்று அலறினாள் அக்கா. மயில் ஒரு கீறல் இல்லாமல் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

காயம் ஆழமில்லை. அருவித் தண்ணீரில் கழுவி, அக்கா சேலையைக் கிழித்துக் கட்டினாள். கல்லும் ஜாக்கியும் கொடுத்து டிரெய்லரை நிமிர்த்தினோம். அந்த அளவுக்கு மாற்றுச் சக்கரம் எங்களிடம் இல்லை. சக்கரங்கள் இரண்டையும் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு, நானும் குழந்தைவேலுவும் மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினோம்; மேலே கொடைக்கானலில் அப்போது டயர் கடை இல்லை. வழியெல்லாம் குழந்தைவேலு கிழிந்த டயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி ரோட்டைப் பார்த்தார்.

"தம்பி மலேயாவுல டயர் கடையிலதான வேல பாக்குறீக?" என்றார் கடைசியில். அவ்வளவுதான் கேட்டார். சவுக்கால் அடித்திருந்தால் தேவலை.

வத்தலக்குண்டு டயர் கடைக்காரர் பளபளவென்று ஒரு ஜோடியை உருட்டிக்கொண்டு வந்தார். பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டியது. தரையைக் கவ்வுகிற பட்டன் ஒவ்வொன்றும் கருங்கல் மாதிரி. பக்கத்தை மடக்கிப் பார்த்தேன், மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. வேண்டாம் என்றேன். மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த வேறொரு ஜோடியை எடுத்தேன். மேலே பாதி தேய்ந்தது, ஆனால் பக்கச் சுவர் கெட்டி, உள்ளே தடவினால் நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே உயரம். டிரெய்லர் சக்கரம் வண்டியை இழுக்கப் போவதில்லை, சுமக்கத்தான் போகிறது. சுமக்கிறவனுக்கு முகத்து அழகு எதற்கு, விலாவில் பலம் இருந்தால் போதும். பேரிங்கையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன்.

திரும்பி வந்தபோது நாலு மணி இருக்கும். மூடுபனி ரோட்டை மூடியிருந்தது. அருவிக்கு எதிரே அக்காவும் மச்சானும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு, குரங்குகளுக்குப் பயந்து புளிசாதத் தூக்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எனக்கு ஒரு பங்கு மிச்சம் வைத்திருந்தாள். 

மச்சான் டயரைப் பார்த்தார். "தேஞ்ச டயரா மாப்ள?"

இனிமேலும் மறைத்தால் நான் மனிதனில்லை. சொன்னேன். எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும் என்றேன். வந்த அன்றைக்கே விரல் வைத்தபோதே தெரியும் என்றேன். கப்பலுக்கு நேரமாகிவிடும் என்றுதான் சொல்லவில்லை என்றேன்.

அக்கா என்னை அடித்தாள். நிஜமாகவே, முதுகில், சின்ன வயசில் சம்பானில் தண்ணீரைத் தொட்டதற்கு அடிப்பாளே, அந்த மாதிரி. "அப்பாவப் பாக்கணும்னு, இவரக் கொன்னுட்டுப் போவேனாடா நான்? ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா கேடு?"

மச்சான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

"வாரா வாரம் தடவுனேன்," என்றார். "பாவம், அது பாட்டுக்கு இருந்திருக்கும். நாந்தான் கொன்னுருக்கேன்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். அதுவரை வாங்க போங்க என்றவர், முதல் தடவையாக நீ என்றார்.

"நீ சொல்லல, சரி. நானும் ஒண்ண சொல்லலல்ல. எங்க சின்னம்மா ரங்கூனுக்குப் போயிட்டு வாரேன்னு போனா. சின்னையா சாகுற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாரு. இவளுக்கு இங்க என்னடா இருக்கு? ஒரு புள்ள பொறந்திருந்தா அதப் பாக்கவாவது ஓடியாருவா. நான் ஒருத்தன்தான். அதான் படகு, படகுன்னு சாக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அக்கா போர்வையை இழுத்து அவருக்குச் சரியாகப் போர்த்திவிட்டாள். குழந்தைவேலு எங்கோ பார்த்துக்கொண்டு பீடியைப் பற்ற வைத்தார்.

பொழுது சாய்வதற்குள் மேலே போய்ச் சேர்ந்தோம். குழந்தைவேலுவின் மாமனார் வீட்டில் உருளைக்கிழங்குக் குழம்பும், பூண்டை முழுசு முழுசாகச் சுட்டு உப்பில் தொட்டுத் தின்பதுமாக ராச்சாப்பாடு. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். எங்கள் ஊரில் குளிர் என்றால் மழை பெய்து நின்ற பிறகு ஒரு மணி நேரம். இங்கே பல் தனியாகப் பேசியது.

விடிந்ததும் ஏரிக்குப் போனோம். பங்களாக்காரர் பத்து மணிக்குத்தான் வருவார். ஏரி இருந்த இடத்தில் ஏரி இல்லை. வெள்ளையாக ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற மரங்களின் பாதி உடம்பு மட்டும் தெரிந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, மூடுபனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

அக்கா அவசரப்பட்டாள். நான்தான் நிறுத்தி வைத்தேன். ஓடி வந்த சூட்டோடு சக்கரத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டால், குடம் சட்டென்று தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். கை பொறுக்கிற வரைக்கும் ஆற வேண்டும். மச்சான் குடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். அரை மணி நேரம் கையை எடுக்கவில்லை. அவ்வழியாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நடந்து போனார்கள். "பார், அந்தப் பறவை புறப்பட மனமில்லாமல் திரும்பிப் பார்க்கிறது" என்று அந்த அம்மாள் தன் புருஷனிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்குப் புரிந்தது. மச்சானுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டேன்.

"ஆறிருச்சு," என்றார் மச்சான்.

படகு சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள், துடுப்பை எடுத்தாள், கூட யாரையும் கூப்பிடவில்லை. பதினைந்து வருஷம் தண்ணீரில் போகாத கை ஒரு தடவைதான் தடுமாறியது. நாலாவது துடுப்பில் மயில் மங்கியது, ஆறாவதில் அக்கா மங்கினாள். பிறகு துடுப்புச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்றார். முதலில் சும்மா நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பார்வதி" என்றார், பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரி. பதில் இல்லை. "பார்வதீ!" அந்தக் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டார். குளிர் தெரிந்ததாகவே காணோம். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. என் அக்கா மேல் இவ்வளவு ஆசை வைத்த ஒரு மனிதனை நான் இரண்டு நாளாக முட்டுக்கட்டை என்று நினைத்திருந்தேன்.

முதலில் மயில்தான் வந்தது. கழுத்தைத் திருப்பி, பின்னால் துடுப்புப் போடுகிறவளைப் பார்த்தபடி வந்தது. அக்காவின் முகமெல்லாம் பனித்துளி.

"எதுக்குக் கூப்பாடு போடுறீக? அந்தக் கரையத் தொட்டுட்டுத் திரும்பத்தான போனேன்?" என்றாள்.

மச்சான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, "அப்பாவப் பாத்துட்டு வா" என்றார்.

பங்களாக்காரர் வந்தார், மயிலைத் தடவினார், சீசனுக்கு முன்னால் இன்னொரு படகு வேண்டும் என்றார். அதையெல்லாம் நான் அரைக் காதில்தான் கேட்டேன்.

மறுநாள் டிரெய்லரில் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினோம். தேய்ந்த டயர்கள் இரண்டும் முனகாமல் வந்தன. நிறுத்திய இடத்திலெல்லாம் மச்சான் எனக்கு முன்னால் குதித்துப் போய்த் தொட்டுப் பார்த்தார். பழனி வந்ததும், டிரெய்லரைக் கொல்லையில் விட்டுவிட்டு என்னைக் கேட்டார்:

"அடுத்த படகு முடிய மாசமாகும். அதுவரைக்கும் இது சும்மாதான் நிக்கும். என்ன செய்யணும்? எண்ணெ காட்டமாட்டேன், பயப்படாத."

"வெயில் படாம ஓலையப் போட்டு மூடுங்க மச்சான். ஒரே எடத்துல நின்னா அமுங்குற பக்கம் சப்பையாயிரும். ரெண்டு மூணு மாசத்துக்கு மேல நிக்கிறதா இருந்தா, அச்சுக்குக் கல்லு முட்டுக் குடுத்து டயரத் தூக்கி விட்ருங்க. அதுக்குள்ளன்னா கல்லு வேணாம், வாரத்துக்கு ஒருக்க ஒரு முழம் உருட்டி வச்சாப் போதும்."

நாங்கள் கிளம்புகிற காலையில் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மச்சானைக் காணோமே என்று கொல்லைக்குப் போனேன். மனிதர் நாலு கருங்கல்லைச் சுமந்து வந்து டிரெய்லருக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு, ஜாக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். என் பின்னால் அக்கா வந்து நின்றாள்; நான் சொன்ன ரெண்டு மூணு மாசக் கணக்கை அன்றைக்கு அவளும் கேட்டிருந்தாள். கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். போய், மேல் கல்லைக் காலால் தள்ளிவிட்டாள். அடுத்ததையும் தள்ளினாள்.

"உருட்டி வைங்க," என்றாள். "போயிட்டு வாரேன்."

ஈப்போவில் அப்பா அவளைப் பார்த்தார். படகைப் பற்றிச் சொல்லச் சொல்லி நாலு தடவை கேட்டார், மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். பதினெட்டாம் நாள் போய்விட்டார். காரியம் முடிந்ததும் இங்கேயே இருந்துவிடேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரும் அக்காவிடம் சொல்லிப் பார்த்தார்கள். நானும் சொன்னேன். அவள் கப்பல் நாளைத்தான் கேட்டாள்.

அவளை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து, கடை விலாசத்துக்கு ஒரு கடுதாசி வந்தது. மச்சான் கையெழுத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பேச்சைப் போலவே எழுத்திலும் சிக்கனம்.

"பார்வதி வந்து சேர்ந்தாள். டயர் சப்பை ஆகவில்லை."